நகர்ந்த எல்லைக்கல்

அறுபதுகளின் கடைசியில் என் ஆராய்ச்சி திரௌபதி அம்மன் கோயில் தீமிதித் திருவிழாக்களைப் பற்றியது. அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் பேராசிரியருக்கு வெயில் ஆகாது. “நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, நான் முடிவு சொல்றேன்” என்பார். பார்க்காமலே முடிவு சொல்லும் அந்த வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

மேனாம்பேட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயலில் கூலி வேலை செய்த குடும்பங்கள். வயல்கள் தொழிற்பேட்டைக்குப் போய்விட, நாற்று நட்ட இடத்திலேயே இப்போது கம்பெனி வேலை பார்த்தார்கள். அந்த ஊரில் தீ மிதிப்பவர்கள் கொடியேற்றத்தன்று கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அவிழ்க்கும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் காவல் போய்விடும், நெருப்பு சுடும். காப்புக் கட்டியபின் எல்லைக்குள் ஒரு சாவு விழுந்தால் திருவிழாவே நின்றுவிடும்.

பகலில் நான் உட்கார்ந்து எழுத இடம் கொடுத்தது ஓர் இளம் தம்பதி. அவர்களுடைய குழந்தை விஷக் காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தீ மிதிப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். மனைவியும் கூடவே காப்புக் கட்டி விரதமிருந்தாள். வேண்டுதலைக் குறை வைத்தால் குழந்தையை அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று இருவரும் மனதார நம்பினார்கள். சிக்கல் என்னவென்றால் அவன் வேலை பார்த்த போல்ட்டுக் கம்பெனி எல்லைக்கல்லுக்கு வெளியே இருந்தது. லீவு போட்டால் வேலை நிரந்தரமாகாது.

பஞ்சாயத்துப் பேசினார்கள். கடைசியில் தர்மகர்த்தாதான் வழி சொன்னார்.

“கல்லத் தாண்டாதன்னுதானே அம்மா சொல்லிகீது? கல்ல இங்க நட்டது நம்ம தாத்தனுங்கதானே?”

மேற்கு எல்லைக்கல்லைப் பிடுங்கிக் கம்பெனிச் சுவருக்கு அப்பால் நட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியொரு விஷயம் எந்த ஆராய்ச்சிக்காரிக்குக் கிடைக்கும்? மரபு வளைந்து கொடுக்கிறது என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். அவன் மனைவிக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

“கல்லுக்குக் காலு மொளச்சிட்சிக்கா. எனக்கு இன்னாவோ பயமா கீது” என்றாள்.

தீமிதியன்று காலையிலேயே குழியில் புளியங்கட்டைகளை அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். மாலைக்குள் தணலாக வேண்டும். அவன் காலை ஷிப்டுக்குப் போயிருந்தான், முடித்துவிட்டு நேரே வந்து குளித்து இறங்குவதாக ஏற்பாடு. கம்பெனி மிஷினின் அடி ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுக் காதுக்கே பழகிப் போயிருந்தது. நடுப்பகலில் அது சட்டென்று நின்றது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

சைக்கிளில் ஒருவன் பறந்து வந்தான். “கம்பெனில ஒர்த்தன் மிஷின்ல மாட்டிக்கினு செத்துட்டான்! யாருன்னு தெரில, கேட்ட மூடிட்டானுங்கோ.”

தர்மகர்த்தா எரிகிற குழியைப் பார்த்தார். கூடியிருந்த ஜனத்தைப் பார்த்தார்.

“கல்ல எடுத்தாந்து பழைய எடத்துல நடுங்கடா.”

ஆண்கள் ஓடினார்கள். கேட்டுக்கு அல்ல, கல்லுக்கு. எனக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று. கல் திரும்பிவிட்டால் சாவு எல்லைக்கு வெளியே. திருவிழா நிற்க வேண்டியதில்லை.

அவன் மனைவி இடுப்புக் குழந்தையோடு தர்மகர்த்தாவின் முன்னால் போய் நின்றாள். “செத்தது யாருன்னு கேட்டீங்களா மாமா? என் ஊட்டுக்காரரு உள்ளாற கீறாரு. அவருக்காவத்தானே கல்ல அங்க வெச்சீங்க?”

“யாரா இருந்தாலும் வெளியதாம்மா” என்றார் அவர். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எவ்வளவு கனிவாகச் சொன்னார்!

பழைய இடத்தில் கல் நிமிர்ந்ததும் அவள் அதன் அருகே ஓடிப் போய் நின்றுவிட்டாள். காப்போடு அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. “யக்கா, நீ போய்ப் பாரேன்” என்று என் கையைப் பிடித்தாள். நான் ஓடினேன்.

கேட் திறக்க வெகுநேரம் ஆயிற்று. வந்தவர்களில் அவனும் இருந்தான். சட்டையெல்லாம் ரத்தம், அவனுடையது அல்ல. செத்தது திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் பையன். இவன்தான் அவனைத் தூக்கியிருக்கிறான். வழிநெடுக அழுதுகொண்டே வந்தான். “நல்லா குளிச்சிட்டு எறங்கணும்கா” என்று நடுவில் சொன்னான். கல்லைப் பற்றி நான் அவனிடம் எப்படிச் சொல்வேன்?

கல் கண்ணில் பட்டதும் அவனே நின்றுவிட்டான். அந்தப் பக்கம் ஊரே நின்றிருந்தது. உயிரோடு வந்தானே என்று ஒரு முகமாவது மலர வேண்டுமே! மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கேவினாள்.

“அங்கயே நில்லு நைனா. காப்போட கல்லுக்கு வெளிய பூட்ட” என்றார் தர்மகர்த்தா.

“நான் எங்கயும் போலியே மாமா. நீங்கோதானே...” மனைவியைப் பார்த்தான். சற்று முன் ஊரையே எதிர்த்துக் கேட்டவள், இப்போதும் கேட்பாள் என்று நான் நம்பினேன். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அங்கயே இருய்யா. கொழந்தைக்காவ நான் எறங்குறேன்” என்றாள்.

திரும்பிக் குழியை நோக்கி நடந்தாள். நான் தாராளமாக உள்ளே போகலாம், என் கையில் காப்பு இல்லை. போகவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றேன். பம்பைச் சத்தம் உயர்ந்தபோது அவன் என்னிடம், “கொழந்த அழுவுதாக்கா? எனக்குக் காது அடைக்குது” என்று கேட்டான்.