கேட்டு வாங்கிய துணி

என் வீட்டுக்காரி ஆனந்தவள்ளியைப் பற்றி உறையூரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். முப்பத்தைந்து வருஷம் அவளோடு குப்பை கொட்டியவன் நான்.

வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். சொன்ன தேதிக்கு முந்தின நாளே தைத்து மடித்து வைத்துவிடுவாள். ஆனால் வீம்பு. யாரிடமும் கை நீட்ட மாட்டாள். பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பதற்குக்கூட என்னைத்தான் விரட்டுவாள். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்டு வாங்கினாள். எனக்கு அறுபது வயசு நிறைய வேண்டும் என்பதற்காக.

எங்கள் வம்சத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அறுபதைப் பார்க்கவில்லை. நான் அதையெல்லாம் நினைப்பவனில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது? ஆனால் மாசி மாதம் காவேரிப் பாலத்தின் நடுவில் நெஞ்சை ஏதோ இறுக்கிப் பிடித்தது. ஆட்டோவில் இருந்தவர்களே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால், கட்டிலில் ஒரு போர்வை பாதி தைத்துக் கிடக்கிறது.

பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தாள். அந்த இடத்துக்குத்தான் கேட்டு வாங்கின துணி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், என் அம்மா தெருவில் பழந்துணி பிச்சை கேட்டு அதில்தான் என்னைச் சுற்றி வைத்திருந்தாளாம். பிச்சமுத்து என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அன்றைக்குப் பிழைக்க வைத்தது இன்றைக்கும் வைக்காதா என்பது இவள் கணக்கு. அறுபது தாண்டியவர்களாகப் பார்த்துத்தான் கேட்டாள். பிறந்தநாள் அன்று போர்த்திக்கொள்ள வேண்டுமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பூக்கட்டும் வீராயி தன் பச்சைப் புடவை முந்தானையில் ஒரு துண்டு கொடுத்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மருதை அண்ணன், பத்திரமாக வைத்திருந்த காக்கிச் சட்டையையே வெட்டிக் கொடுத்தார். பாலக்கரை ஷரபுன்னிசா அக்கா ஆனந்தவள்ளிக்கு எத்தனையோ வருஷத்துச் சிநேகிதி. அவர் தன் வெள்ளைத் துப்பட்டியில் ஒரு மூலையைக் கிழித்து, என் பெயருக்கு துஆ செய்து கொடுத்தனுப்பினார்.

ஒரு நாள் காலையில் எனக்கு மறுபடி நெஞ்சு கனத்தது. ஆனந்தவள்ளியிடம் சொன்னேன். அவள் மாத்திரையைக் கொடுத்தாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து வீராயியின் பச்சைத் துண்டை வைத்துத் தைத்தாள். தைத்து நூலை அறுத்ததும் எனக்குக் கனம் இறங்கிவிட்டது. மாத்திரை வேலை செய்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் சங்கு ஊதினார்கள். வீராயி, கட்டிக்கொண்டிருந்த பூவின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம்.

வயசானவள், போய்விட்டாள். அப்படித்தான் சொன்னேன்.

ஆனி மாதம் இன்னொரு தடவை வலித்தது. அன்றைக்குக் காக்கித் துண்டை எடுத்துத் தைத்தாள். என் வலி போன இடம் தெரியவில்லை. அதே நாள் அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போன மருதை அண்ணன், தலையைத் துவட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆள் திடகாத்திரமானவர். முந்தின நாள்கூட என்னைப் பார்த்து, என்னடா அறுபது, விருந்து எப்போது என்று கிண்டல் செய்தார். அவர் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் பச்சைத் துண்டும் காக்கித் துண்டும் எனக்குச் சேர்ந்தாற்போல் ஞாபகம் வந்தன.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஷரபுன்னிசா அக்காவின் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அவள் என் சத்தத்துக்கெல்லாம் என்றைக்குப் பயந்தாள்? பிளவுஸுக்கு ஹூக் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் பார்த்தால், வெள்ளைத் துண்டு போர்வையின் நடுவில் குண்டூசி குத்தி நிற்கிறது.

நேற்று எனக்கு அறுபது நிறைந்தது. காலையில் கோயிலில் அர்ச்சனை. வீட்டுக்கு வந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வையைப் போர்த்தினாள். மடியில் விழுந்த ஓரம் புரண்டது. அதன் அடிப்பக்கத்தில், ஜரிகையோடு அரக்குத் துண்டு ஒன்று. அவளுடைய முகூர்த்தப் புடவை. எனக்குத் தெரியாதா?

"இது எப்ப தைச்ச?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பங்க. முதல்ல என்னோடதைத்தான் வச்சேன்." துணி பத்தவில்லை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "என் உயிரை எடுத்துக்கலை. அப்புறந்தான் வெளியில கேட்டேன்."

தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வாசலிலும் என்ன கேட்கிறோம் என்று தெரிந்தே நின்றிருக்கிறாள். எனக்கு அவள்மேல் பயமாக இருந்தது. அதைவிடக் கொடுமை, என்றைக்கும் இல்லாத பாசமும் வந்தது. இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குண்டூசியைப் பிடுங்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் பொழுது போகட்டும். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா நானே சாயங்காலம் அக்காகிட்ட குடுத்துடறேன். வெக்காளி மேல சத்தியம்."

சத்தியம் செய்தால் மாற மாட்டாள். ஒரு பொழுதுதானே என்று விட்டேன்.

பதினோரு மணிக்கு ஷரபுன்னிசா அக்கா தூக்குவாளியில் சேமியாப் பாயசத்தோடு வந்துவிட்டார். என் தலையில் கை வைத்து, தம்பி நூறு வயசு இருக்கணும் என்றார். துபாயில் இருக்கும் மகன் ஹாலித் அடுத்த மாதம் வருகிறான், கூடவே பேத்தியும் முதல் தடவையாக வருகிறாள் என்று ஃபோனில் படம் காட்டினார். போர்வையில் தன் துணியைத் தேடிக் கண்டுபிடித்து, "என்னடி, என்னோடது மட்டும் ஊசியிலயே நிக்குது? தைச்சிடேன்" என்றார். ஆனந்தவள்ளி சிரித்தாள்.

டம்ளரை வாங்கி இரண்டு வாய் குடித்திருப்பேன். இடது தோளில் ஆரம்பித்து முழங்கை வரை இறங்கியது. பாலத்தில் வந்ததே, அதே பிடி.

ஆனந்தவள்ளிக்கு நான் மூச்சு விடுகிற விதமே போதும். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

"என்னங்க, வலிக்குதா?"

அக்கா பேத்தி படத்தைத் தள்ளித் தள்ளி இன்னொன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன, பாயசத்துல இனிப்பு தூக்கல்" என்றேன். இடது கையைப் போர்வைக்குள் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அக்காவிடம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, ஆனந்தவள்ளி பார்க்கப் பார்க்க மெதுவாகக் குடித்தேன்.