தேவகி அக்கா போட்ட ஓட்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்த என் சித்திக்கு, வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளை வீட்டில் கழிக்கத் தெரியாது. கம்பெனித் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, பைபாஸ் பக்கம் இருந்த ஒரு பகல்நேர மையத்துக்குப் போய்விடுவாள். சம்பளம் கிடையாது, டீ உண்டு. நான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்குப் பேஜார் என்பதால் என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் தோல் கிடங்காக இருந்த கூடத்துக்கு வெள்ளை அடித்து, பாய் விரித்திருந்தார்கள். அங்கே வருபவர்கள் எல்லோரும் பெரியவர்கள். மீசை நரைத்தவர்கள்கூட உண்டு. வயது ஏறியதே தவிர, எழுத்தும் கணக்கும் ஏறாதவர்கள். சித்தியும் தோழியும் அவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போட, கடையில் போய் சாமான் கேட்டு வாங்க, பஸ் ஏறி இறங்கப் பழக்குவார்கள். நான் அவர்களோடு சேர்ந்து கேரம் ஆடித் தோற்பேன்.

அந்த வருஷம் நகராட்சித் தேர்தல் வந்தது. தெருவெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி சும்மா ஒரு பேச்சுக்கு, "யார் யாருக்கெல்லாம் ஓட்டு இருக்கு?" என்று கேட்டாள். தேவகி அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். அவள் எங்கள் தெருதான். சித்தியைவிட மூத்தவள். எப்போதும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பூப்போட்ட நைட்டியின் மேல் ஒரு துண்டு. நன்றாகச் சிரிப்பாள், கொஞ்சமாகப் பேசுவாள்.

"எப்பிடிப் போடுவீங்க?" என்றாள் சித்தி.

"எங்க அண்ணன் என் கையப் புடிச்சி அமுக்கும்."

தலை வாரிவிடுவது யார் என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. கண் தெரியாதவர்களுக்கும் கை வராதவர்களுக்கும்தான் துணைக்கு ஆள் போகலாமாம். தேவகி அக்காவுக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும், கையும் நன்றாக வரும். எனக்குத் தலையில் குட்டு வைத்தே காட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே சித்தி அவர்கள் வீட்டுக்குப் போனாள். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கச்சிக்கு வளையல் வாங்காமல் எந்தக் கடையையும் தாண்ட மாட்டார். ஆனால் எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நின்றவர் அவருடைய உயிர்த் தோஸ்த். வீட்டிலுள்ள ஓட்டு முழுக்க உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

"அவளுக்கு இன்னா தெரியும், பாவம்? எதையாச்சும் அமுக்கிட்டு வந்தா ஒரு ஓட்டு வேஸ்டாப் போய்டும்."

"அதையும் அவங்களே வேஸ்ட் பண்ணட்டும்ணா," என்றாள் சித்தி. அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அவள் ரோஷக்காரி என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறே மையத்தில் தேர்தல் ஆரம்பமானது. ஒரு ஷூ டப்பாதான் ஓட்டு இயந்திரம். நீலத் தோல் துண்டுகளை வட்டமாக வெட்டிப் பொத்தானாக ஒட்டினாள் சித்தி. கட்சிச் சின்னம் வேண்டாம், வம்பு என்று சாப்பாட்டுப் படங்களை ஒட்டினாள். இட்லி, பரோட்டா, தயிர்சாதம், பிரியாணி. மறைப்புக்குப் பெரிய அட்டை. இயந்திரத்துக்கு எல்லாம் இருந்தது, சத்தம்தான் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க என்னை மேசைக்கு அடியில் உட்கார வைத்தார்கள். மேலே பொத்தானில் விரல் விழுந்ததும் நான் "பீ..." என்று நீளமாகக் கத்த வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பான பதவி அதற்குப் பிறகு இன்னும் வரவில்லை.

ஆம்பூரில் பிரியாணியை எதிர்த்து நின்றால் யாராக இருந்தாலும் டெபாசிட் போய்விடும். பிரியாணிதான் ஜெயித்தது. அப்போதுதான் சித்தியின் தோழிக்கு ஒரு யோசனை வந்தது. ஜெயித்ததைத் தட்டில் வைத்தால்தானே ஓட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்று புரியும்? பாய் கடையிலிருந்து பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் பிரியாணியே அமோக வெற்றி.

தேர்தல் அன்று காலையில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வரிசை. சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் இம்தியாஸ் அண்ணன் நின்றிருந்தார். மையத்துக்கு வருபவர்களில் ஆள் உயரமானவர், குரலும் உயரம். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் தேவகி அக்கா புதுப் புடவையில். அவள் முழங்கையைப் பிடித்தபடி அவள் அண்ணன்.

இம்தியாஸ் அண்ணன் மை வைத்துக்கொண்டார், மறைப்புக்குள் போனார், சத்தம் வந்தது, வெளியே வந்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. சித்தி பெருமையோடு என்னைப் பார்த்தாள். அவர் நேராகத் தேர்தல் அதிகாரியின் மேசைக்குப் போய், கையை நீட்டி, கூடமே கேட்கும்படிக் கேட்டார்:

"போட்டுட்டேன் சார். பிரியாணி எங்க?"

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "எவன்யா பிரியாணி குடுக்கறது?" என்று ஒருவர். "உங்க ஆளுங்கதான், நேத்தே தெரியும்" என்று இன்னொருவர். மூன்றாமவர் அண்டா எங்கே இருக்கிறது என்று பார்க்க வெளியே ஓடினார். நடுவில் இம்தியாஸ் அண்ணன், யார் பொட்டலத்தைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வாலாஜாபேட்டைப் பக்கத்து வாத்தியாராம். மேசையைத் தட்டி எல்லோரையும் உட்கார வைத்தார். பிறகு தேவகி அக்காவைப் பார்த்தார். "இந்தம்மாவும் அதே மாதிரியா? இவங்களத் தனியா விட முடியாது. கூட யாராச்சும் போங்க." அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு அடி முன்னால் வந்தார்.

சித்தி வாயெடுத்துப் பேசுவாள், சண்டை வரும், போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தேன். சித்தி பேசத்தான் செய்தாள், ஆனால் சண்டை போடவில்லை. "பிரியாணி யாரும் குடுக்கல சார். ஓட்டுப் போடப் பழக்கும்போது நாங்கதான் வாங்கிக் குடுத்தோம். தப்பு எங்களோடது. அதுக்கு இவங்க ஓட்டை எடுத்துராதீங்க."

அந்த வாத்தியார் சித்தியைப் பார்த்தார், இம்தியாஸ் அண்ணனைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு தேவகி அக்காவிடமே கேட்டார். "ஏம்மா, நீயே போடுவியா? அண்ணன் வரணுமா?"

தேவகி அக்கா தன் முழங்கையிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "அண்ணன் வாணாம். நானே."

மறைப்புக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. அட்டைக்குக் கீழே அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. வரிசையில் முனகல் எழுந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "தேவகி, மேல இருந்து ரெண்டாவது!" என்று குரல் கொடுத்தார். "யோவ், வெளிய போய்யா" என்று அதிகாரி எரிந்து விழுந்தார். அப்போது சத்தம் வந்தது, நீளமாக, கணீரென்று. நான் கத்தியதைவிட நன்றாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். உடனே தேவகி அக்கா குனிந்து, நான் இருக்கிறேனா என்று மேசைக்கு அடியில் பார்த்தாள். அப்புறம் தானே சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் அண்ணன் மறித்தார். "யாருக்குடி போட்ட?"

அவள் சிரித்தாள்.

"ரெண்டாவதுதானே?"

அதற்கும் சிரிப்புதான். அவர் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்குப் பிடித்த மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். சர்க்கரைப் பாகு மணிக்கட்டு வரை வழிய அவள் நிதானமாகத் தின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "சொல்ல மாட்டேன்," என்றாள். அவர் இன்னொன்று வாங்கினார். அதையும் தின்றுவிட்டு அதையேதான் சொன்னாள்.

அவருடைய தோஸ்த் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அண்ணன் தங்கச்சியைத் திட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கையாகக் கேட்டுப் பார்த்தார்கள். சித்தி மட்டும் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு நான் கேட்டேன். எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்காக மேசைக்கடியில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தியவள் நான். "எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று காதோடு கெஞ்சினேன். தேவகி அக்கா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சித்தியிடம் போய், "அக்காவுக்கு யாருக்குப் போட்டோம்னே மறந்துபோச்சு. அதான் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று புகார் சொன்னேன். சித்தி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். வழுக்கி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், குளிக்கும்போதுகூட அவள் கதவைத் தாழ் போடக் கூடாது. அவள் துணி அண்ணியின் அலமாரியில் இருந்தது. அவள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாள், காலையில் வயிறு சரியாகப் போனதா என்பதுவரை வாசலில் வைத்தே அக்கம்பக்கத்தோடு பேசிக்கொள்வார்கள். எல்லாம் பாசத்தில்தான். யாரும் திறந்து பார்க்க முடியாத ஒன்று அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கைக்கு வந்திருந்தது. எனக்கு அது மறதியாகத் தெரிந்தது.