நசுங்காத எலுமிச்சம்பழம்

சுனாமிக்கு அடுத்த வருஷம், எங்கள் தீவின் மின்னி பே கடற்கரையில், எங்கள் வீட்டுப் பழைய ஜீப்புக்குப் பெரிய இன்ஜின் வைத்து, சிவப்பு பெயின்ட்கூட அடித்துவிட்டோம். பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில்தான் கிடைக்கவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும்வரை பொறுக்க எங்களால் ஆகுமா? கடல்தண்ணீரில் முங்கி, பழைய இரும்பு வாங்கும் கபாடிக் கடைக்குப் போன ஒரு வேனின் ஆக்ஸிலைக் கழற்றி வந்தார் என் வீட்டுக்காரர்.

இன்ஜின் தண்டு வந்து சேரும் பல்சக்கர உருண்டை அந்த ஆக்ஸிலில் வலப்பக்கம் இருந்தது. எங்களுக்கு வேண்டியது இடப்பக்கம்.

"தலைகீழா மாட்டிட்டா சரியாப் போச்சு!" என்றார். எனக்கும் பிரமாதமான யோசனையாகவே பட்டது.

பூஜை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான்தான் ஓட்டினேன். முதல் கியர் போட்டதும் ஜீப் பின்னால் பாய்ந்தது! பின்னால் கடல்! "ரோகோ பாபி, ரோகோ!" – நிறுத்துங்க அண்ணி என்று தெருவே இந்தியில் அலறியது. பிரேக்கை மிதித்தேன். கரைச்சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றது. பழங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஆக்ஸிலைக் கவிழ்த்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது அப்போதுதான் உறைத்தது. ரிவர்ஸ் கியர் போட்டேன். ஜீப் சமர்த்தாக முன்னால் போய்ப் பழங்களை நசுக்கியது!

இப்போதெல்லாம் ஜீப்பில் எந்த வேலை முடிந்தாலும், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்த பிறகுதான் பூஜை. அதுவரை எலுமிச்சம்பழம் என் முந்தானையில்தான் இருக்கும்.