வெளியே நின்று கூப்பிடுகிறவர்

செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தபடி சுப்பாத்தாள் வெளியிலேயே நிற்பார். "ஏனுங்க, வரலாமுங்களா?" காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதமாகப் பீஸ் கட்டிப் படிக்கிறவர்தான், ஆனாலும் யாராவது "வாங்க" என்று சொல்லாமல் உள்ளே கால் வைக்கமாட்டார். யார் வீடானாலும் வெளியே நின்று கூப்பிட்டே பழகிய மனுஷி. ஏசி குளிரெல்லாம் வீணாய்ப் போகிறதே என்று இளவட்ட வாத்தியார் கிருபாசங்கர் தலையில் அடித்துக்கொள்வார்.

வயது முப்பத்தெட்டு. பகலில் பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். கீபோர்டைப் பார்க்காமலே பத்து விரலும் பாயும். பெற்ற பிள்ளையைவிட மெஷினுக்கு மரியாதை அதிகம். "கொஞ்சம் வெரசா ஆகட்டுமுங்க" என்று மானிட்டரைக் கெஞ்சுவார். எவரோ சொல்வதை அடித்துக்கொடுத்தே ரிட்டயர் ஆகிவிடக் கூடாது, தானும் நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அப்படியொரு ஆசை. சனிக்கிழமைக்குள் ஜாவா புரோகிராம் ஒன்றை ஓட்டிக் காட்டினால் காலை பேட்ச் அவருக்கு என்று சென்டர் முதலாளி ஈஸ்வரமூர்த்தி சொல்லியிருந்தார்.

அந்தப் பாழாய்ப்போன புரோகிராம்தான் ஓடவில்லை. 'ஸ்கூல்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மார்க்' என்ற கிளாஸ் ஃபைல், அதன் பக்கத்திலேயே அவர் ஓட்டவேண்டிய புரோகிராம். ஸ்கூலிலிருந்து மார்க்கைக் கூப்பிட்டு இம்போர்ட் செய்யச் சொன்னால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர். மூன்று நாள்! எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாயிற்று, முதலிலிருந்து திரும்ப அடித்தும் ஆயிற்று. "கண்ணு முன்னால இருக்குதுங்க, இல்லைங்கறீங்களே!" சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு ஊட்டைத் தேடச் சொல்லிப்போட்டனுங்க!"

ஸ்கூலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஸ்கூலைக் கேட்டால், கம்ப்யூட்டர் அதற்குள் இன்னொரு ஸ்கூலையல்லவா தேடும்? ஓடிப்போய், இம்போர்ட் செய்கிற புரோகிராமை அந்த ஃபோல்டருக்கு வெளியே எடுத்துவைத்தார். தானும் அந்த ஃபோல்டரைவிட்டு ஒரு படி வெளியே வந்து ஓட்டினார். மார்க்கெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது.

"அக்கா, சாதிச்சுப்போட்டீங்க!" என்று கத்தியேவிட்டார் கிருபாசங்கர்.

திங்கட்கிழமை காலை சென்டரை அவரே திறந்தார். சாவி அவர் கையில். உள்ளே ஈ காக்கை இல்லை. செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கதவைத் திறந்து பிடித்தபடி, வெளியிலேயே நின்று, "ஏனுங்க, வரலாமுங்களா?" என்றார்.