பதினோரு மணி ஷிப்ட்டும் மைக்கேல்ராஜின் கையெழுத்தும்

பழங்காநத்தம் மைக்கேல்ராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதில் கையெழுத்துப் போட்டாலும், எழுத்து முடிந்த இடத்திலிருந்து தன் பெயர் வரைக்கும் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். பெயருக்குப் பக்கத்தில் மணி போடுவார். பத்தரை, பதினொன்று என்று குத்துமதிப்பாக இல்லை, 10.37, 11.04 என்று நிமிஷம் தப்பாமல் போடுவார். பேத்தியின் ரேங்க் கார்டிலும் அப்படிப் போட்டு வைத்து, கிளாஸ் மிஸ் கூப்பிட்டு விசாரித்ததுண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. "அண்ணே, நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க, டைம நாங்க எழுதிக்கிறோம்" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள், சட்டையைப் பிடித்தும் கேட்டார்கள். ஒருவருக்கும் அவர் வெறும் தாளில் போட்டுக் கொடுத்ததில்லை. அதனால் அவருக்குக் கோட்டு மைக்கேல் என்றே பெயர் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், அறுபத்து மூன்று வயதில், ஆஸ்பத்திரியில் போய் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ரிட்டயர் ஆன மறுவருஷமே சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்; ஒரு அரசு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே எட்டு மெஷின், மூன்று ஷிப்ட். காலை ஆறு மணி, பகல் பதினோரு மணி, மாலை நாலு மணி. ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம். பதினோரு மணி ஷிப்ட் என்றால் அது பெரும்பாலும் மேற்கே இருந்து வரும் கிராமத்து ஆட்களின் ஷிப்ட். மைக்கேல்ராஜ் மூன்றாம் நம்பர் மெஷின். நாலாம் நம்பரில் முத்துத்தாய். செக்கானூரணிக்கும் மேற்கே உள்ளடங்கிய ஊர். புருஷன் இல்லை, மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டாள். விடியற்காலையில் இரண்டு மாட்டில் பால் பீச்சி ஊற்றிவிட்டு, எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து ஒற்றை ஆளாக வருவாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வாரம் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தால் உறவு வராமல் இருக்குமா? அவளுக்கு இவர் அண்ணன் ஆகிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி முடிவுகளில் நோயாளிகளின் குரலும் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. நோயாளர் நலக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதில் நோயாளிக்கு ஒரு நாற்காலி. யாரைப் போடுவது? ஆபீஸ் சூப்பிரண்டு ஜெயபாண்டி வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மைக்கேல்ராஜைப் பிடித்தார். படித்த மனுசன், சத்தம் போட மாட்டார் என்பது அவர் கணக்கு. பிற்பாடு அந்தக் கணக்கை நினைத்து அவர் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாரோ!

முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை, ஏசி ஹாலில். மைக்கேல்ராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. டீ குடித்ததும் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள் என்பதால், ஆரம்பத்திலேயே நோட்டைச் சுற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தீர்மானத்தை அப்புறம் ஆற அமர மேலே எழுதிக்கொள்வார்கள். நோட்டு அவரிடம் வந்தபோது பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனா கோடு இழுக்கத்தான் போனது. அதற்குள் ஜெயபாண்டி பின்னால் வந்து தோளில் சால்வையைப் போர்த்தினார். "சார், இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். அவர் பார்த்தார், சிரித்தார், கை பாட்டுக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டது. கோடும் இல்லை, மணியும் இல்லை.

கூட்டத்தில் அரை மணி நேரம் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஒருவர் ஷிப்ட் என்று ஏதோ மளமளவென்று இங்கிலீஷில் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். மைக்கேல்ராஜுக்குப் புரியவில்லை. சால்வையும் போட்டுக்கொண்டு, புரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கூச்சம். அவரும் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து டயாலிசிஸ் வார்டு கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முத்துத்தாய் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "என்னண்ணே போட்டிருக்கு?" என்றாள். அவர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பதினோரு மணி ஷிப்ட் கிடையாது. காலை ஆறும் மாலை நாலும் மட்டும்தான். நோயாளர் பிரதிநிதி திரு. மைக்கேல்ராஜ் அவர்களின் சம்மதத்துடன் ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. தன் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீங்களா ஒத்துக்கிட்டீக?" என்றாள் முத்துத்தாய்.

அவர் அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார்.

"ஆறு மணிக்கு வாரதுக்கு எங்க ஊர்லருந்து பஸ்ஸே கிடையாது. நாலு மணின்னா முடிய எட்டாகும். எங்களுக்குக் கடைசி வண்டி ஏழு இருபதோட சரி. உங்களுக்குத் தெரியாத பஸ்ஸாண்ணே?" அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். "இந்த மாசம் வரைக்கும் வாரேன். அதுக்கப்புறம் விட்ர வேண்டியதுதான்."

மெஷினை விட்டால் எத்தனை நாள் என்று அந்த வார்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மைக்கேல்ராஜுக்கும் தெரியும்.

வீட்டில் மனைவி பாக்கியமேரியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை. பீரோவைத் திறந்து சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "பத்திரமா வச்சுக்கங்க. அடுத்த மாசம் முத்துத்தாய்க்குப் போத்த ஆகும்."

மறுநாளே ஜெயபாண்டி முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நான் சம்மதிக்கல. அத அடிங்க."

"கையெழுத்து இருக்கேண்ணே."

"நான் போட்டப்ப அந்தத் தாள்ல ஒண்ணுமே இல்ல."

"எல்லாருந்தான் அப்படிப் போட்டாக." ஜெயபாண்டி கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். "ரெண்டு டெக்னீசியன் போஸ்ட் காலியாக் கெடக்குண்ணே. நாங்க என்ன செய்ய? வேணும்னா அடுத்த கூட்டத்துல பேசுங்க. வர்ற வியாழக்கிழம பதினோரு மணி."

"வியாழக்கிழம பதினோரு மணிக்கு நான் மெஷின்ல கெடப்பேன்."

"ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கங்க."

தள்ளிப் போடுவதற்கு அது என்ன கல்யாண வீட்டு விருந்தா? மைக்கேல்ராஜ் சண்டை போடவில்லை. குழுவின் விதிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இவர் எங்கே படிக்கப் போகிறார் என்று ஜெயபாண்டியும் கொடுத்துவிட்டார். வாழ்நாள் பூராவும் பஸ் அட்டவணை படித்த கண்ணுக்கு அந்தப் புத்தகம் எம்மாத்திரம்? ஒன்பதாம் விதியில் பிடித்துவிட்டார். சிகிச்சை நேரத்தை மாற்றும் முடிவை அடுத்த கூட்டம் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்தில் நோயாளர் பிரதிநிதி நேரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவு செல்லாது.

அன்றே ஒரு கடிதம் எழுதினார். 'வியாழன் பதினோரு மணிக்கு நான் மூன்றாம் நம்பர் மெஷினில் இருப்பேன். ஒன்பதாம் விதிப்படி நான் இல்லாமல் முடிவு செல்லாது என்பதால் குழு அங்கே வரலாம். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலோடு என் மனைவி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நிற்பாள்.' கீழே கோடு, கையெழுத்து, 4.18.

முத்துத்தாயிடம், "இந்த வியாழக்கிழம மட்டும் தவறாம வந்துரு ஆத்தா" என்றார்.

வந்தார்கள். குழுத் தலைவியான பெரிய டாக்டரம்மா, ஜெயபாண்டி, இன்னும் இரண்டு பேர், கையில் நோட்டு. வார்டில் நாற்காலி கிடையாது. குழு நின்றது; எட்டு நோயாளிகள் படுத்திருந்தார்கள். மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

ஜெயபாண்டி வழக்கப்படி வெள்ளைப் பக்கத்தை நீட்டினார். மைக்கேல்ராஜின் இடது கை நரம்பு அடைத்துப்போனதால் ஊசி வலது கையில் இருந்தது. "எழுத முடியாதுல்ல, கைநாட்டு வச்சாப் போதும்ணே" என்று மைப்பெட்டியையும் எடுத்தார்.

"அத உள்ள வைங்க தம்பி" என்றார் மைக்கேல்ராஜ். சத்தம் போடாத மனிதர் போட்ட முதல் சத்தம் அது. "மொதல்ல பேசுவோம். அப்புறம் எழுதுங்க. எழுதுனத வாசிங்க. அதுக்கப்புறந்தான் என் கை வரும்."

டாக்டரம்மா முகம் சுருங்கியது. "காலையில வர்றது நோயாளிகளுக்கும் வசதின்னுதான் முடிவு பண்ணோம்."

"எந்த நோயாளிக்கு?" என்று நாலாம் நம்பரிலிருந்து குரல் வந்தது. முத்துத்தாய் தலையைத் தூக்கியிருந்தாள். "இந்தா எட்டுப் பேரு கெடக்கோம். எங்கள்ல ஒருத்தர ஒரு வார்த்த கேட்டீகளாம்மா?"

"முந்தின நாளே வந்து சொந்தக்காரங்க வீட்ல தங்கலாமே."

"வாரத்துக்கு ரெண்டு நாளு எவ வீட்டுலம்மா வச்சுக்கிருவா? நீங்க வச்சுக்கிருவீகளா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மைக்கேல்ராஜ் படுத்தபடியே ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனார். யாருக்கு எந்த ஊர், முதல் பஸ் எத்தனை மணி, கடைசி பஸ் எத்தனை மணி, எது ஞாயிற்றுக்கிழமை ஓடாது. தாளைப் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு வந்து சேரக்கூடியவர்கள் எட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் அவர்.

"எனக்குச் சிரமமில்லம்மா, பழங்காநத்தத்துலருந்து ஆட்டோவுல வந்துருவேன். ஆனா என் பேர வச்சு இவங்கள வெளிய தள்ளிட்டீங்க."

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். "ஆள் இல்லைங்கிறது நிஜம்" என்றார். "சரி, தீர்மானம் நிறுத்தி வைக்கப்படுகிறதுன்னு எழுதிக்கலாம்."

"நிறுத்தி வச்ச வண்டி எப்ப வேணாலும் கிளம்பும். ரத்துன்னு எழுதுங்க. ஆள் இல்லைன்னா அதையும் எழுதுங்க. ரெண்டு டெக்னீசியன் வேணும்னு மேல அனுப்புங்க, எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுறோம். ஆள் இல்லாததுக்கு நாங்க சம்மதிச்சோம்னு மட்டும் எழுதாதீங்க."

டாக்டரம்மா ஜெயபாண்டியைப் பார்த்துத் தலையசைத்தார். ஜெயபாண்டி நின்றபடியே, நோட்டை மருந்து தள்ளுவண்டி மேல் வைத்து எழுதினார். ரத்து. பதினோரு மணி ஷிப்ட் தொடரும். இரண்டு பணியிடம் நிரப்பக் கோரிக்கை. ஒருமனதாக என்று எழுதப் போனவர், தானாகவே பேனாவை எடுத்துவிட்டு, கடைசியில் 'நோயாளர்கள் முன்னிலையில்' என்று முடித்தார். வாசித்தும் காட்டினார்.

மைக்கேல்ராஜ் பேனாவை இடது கையில் வாங்கினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசி வார்த்தையிலிருந்து தன் பெயர் வரை மெதுவாகக் கோட்டை இழுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 12.26 என்று போட்டார். அதுவரைக்கும் குழு கால் மாற்றி மாற்றி நின்றது.

அடுத்து நோட்டு நாலாம் நம்பருக்குப் போனது. முத்துத்தாய் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடித்தாள்.

"அந்தக் கோட்ட நானும் போடணுமாண்ணே?"

"போடு ஆத்தா. இடம் விட்றாத."

போட்டாள். மணியும் கேட்டு எழுதினாள். நோட்டை ஜெயபாண்டி கையில் கொடுத்துவிட்டு, தலையணையில் சாய்ந்து மைக்கேல்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"அப்ப திங்கக்கிழம அந்த எட்டே முக்கால் பஸ்ஸுலயே வாரேன்ணே."