நாற்பத்தொன்றாவது மோதல்வரை

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆரின் ஹாக்ஸ்டாடும் மகள் மாரிட்டும் நிலவறையிலிருந்து பழைய ஃப்ரீசரை மேலே ஏற்றினார்கள். பதினோரு படி. உள்ளே அரைப் பன்றி இருந்தது. இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு ஏற்றலாம் என்றாள் மாரிட். எடுத்தால் உருகிவிடும் என்றார் ஆரின். எடை முழுதும் வந்து இறங்கும் கீழ்ப்பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். வயது எழுபத்தொன்று.

“இடுப்பை எறக்கு.”

“எறக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்.”

“அது இடுப்பு இல்ல, முதுகு. முழங்கால்ல வளையணும். நீ வளையற வளைசலுக்கு எதிர்ல நிக்கறவன் உன்னைக் கம்பளம் மாதிரி சுருட்டி ஓரமா வெச்சிட்டுப் போயிடுவான்.”

“எதிர்ல யாரும் இல்லப்பா. ஃப்ரீசர்தான் இருக்கு.”

“அதுகிட்டயே தோத்துக்கிட்டிருக்க.”

கேரேஜில் இறக்கி வைத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அவளுக்கு மதிப்பெண் சொன்னார். “ஏழாவது சுத்து. அதுவும் நாட்டுல வேற ஆளே கிடைக்கலன்னா.”

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் அவர் காரை எடுத்துக்கொண்டு அயோவாவின் வடமேற்கு மூலைக்குக் கிளம்பினார். சனிக்கிழமை அங்கே ஒரு சிறு கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். கேலன் ரூர்டா என்ற கார்டை நான்காவது முறையாகப் பார்க்க வேண்டும்.

கார்டு என்பவன் பந்தைத் தொடமாட்டான். வரிசையின் நடுவில் குனிந்து நிற்பான். முந்நூற்றுப் பத்து பவுண்டு இருப்பான். பந்து அசைந்ததும் எதிரே நிற்பவனை முட்டி நகர்த்துவான். பந்தோடு ஓடுகிறவன் அந்த வழியாகப் போய்ப் பெயர் வாங்குவான். கார்டின் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது என்றால் அவன் ஏதோ தப்புச் செய்திருக்கிறான் என்று பொருள்.

ஒரு தொழில்முறை அணிக்காக ஆரின் முப்பத்தொரு வருடம் கல்லூரி கார்டுகளைப் பார்த்தார். தொழில்முறை அணிகள் ஏப்ரலில் ஏழு சுற்றாகக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரை எடுக்கலாம் என்று எண் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஆட்டத்தில் வேறெதையும் அவர் பார்த்ததில்லை. எண்பதாயிரம் பேர் அழுதும் சிரித்தும் முடித்த ஓர் ஆட்டத்திலிருந்து திரும்பியவரிடம், யார் ஜெயித்தது என்று கேட்டபோது, “தெரியல. இடது பக்கத்து கார்டுக்குக் கால் நல்லா இருக்கு” என்றார். மாரிட்டின் அம்மாவை அவர் கல்யாணம் செய்துகொண்டதும், தேவாலய விருந்தில் அந்தப் பெண் காபி அண்டாவை முழங்காலை மடித்துத் தூக்கியதைப் பார்த்த பிறகுதான். இதை அவரே பலமுறை, பெருமையாக, அம்மாவின் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

அவர் நோட்டுப்புத்தகத்தில் குறைகளை மட்டும்தான் எழுதுவார். குறை இல்லையென்றால் பக்கம் காலி. தேதி, ஊர், எதிரணி, அவ்வளவுதான். இடது கையில் எண்ணும் கருவி ஒன்று இருக்கும், சந்தைக்குள் மாடு நுழையும்போது அழுத்துவார்களே, அது. ஒவ்வொரு மோதலும் முடிந்ததும் ஒரு தடவை அழுத்துவார்.

மாரிட் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். இந்தக் காலிப் பக்கத்தை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

“காலியா விட்டா, நீ பாக்கவே இல்லன்னும் அர்த்தம் வரும்ப்பா. ‘குறை காணப்படவில்லை’ன்னு எழுதணும். எங்க ஆபீஸ்ல காலியா குடுத்தா வேலை போயிடும்.”

“உங்க பாலம் நிக்குது. அது நிக்குதுன்னு தினம் எழுதி வெப்பியா?”

“ஆமா. அதுக்குத்தான் சம்பளம்.”

“நல்ல வேளை, நான் பாலத்துக்குப் பொறக்கல.”

பதினெட்டு வருடமாக இதே சண்டை.

சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே எப்போதோ ஆரின் இறந்துபோனார். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, தொப்பி நெற்றியில், கண் மைதானத்தில். பக்கத்திலிருந்த பெண்மணி காகிதத்தில் சுற்றிய சூடான இறைச்சி சாண்ட்விச்சை அவர் மடியில் வைத்தாள். நன்றி சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டாள். கழிப்பறைக்குப் போனவன் ஒருவன், “கொஞ்சம் காலை மடக்குங்க பெரியவரே” என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு அவரைத் தாண்டிப் போனான். திரும்பி வரும்போதும் தாண்டியே வந்தான். உள்ளூர் அணி ஜெயித்து ஊரே எழுந்து குதித்தபோது அவர் மட்டும் எழவில்லை. ஹாக்ஸ்டாட் கார்டைப் பார்க்கும்போது அப்படித்தான் இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பேண்டு வாத்தியங்களைச் சேகரிக்க வந்தவர்தான் கண்டுபிடித்தார்.

மாரிட்டிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். கடிகாரம், கார் சாவி, நோட்டு, எண்ணும் கருவி. கருவியில் 41 என்று இருந்தது.

புதன்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேரும் அவர் எண் போட்ட முன்னாள் கார்டுகள். இப்போது ஒருவர் பள்ளி முதல்வர், ஒருவர் பல் மருத்துவர், மற்றவர்கள் தானியக் கிடங்கில். தேவாலயத்துக்குள் நன்றாகத்தான் நடந்தார்கள். கொஞ்சம் தாழ்வாக, சின்னச் சின்ன அடியாக. வாசல் படிக்கட்டில்தான் சிக்கல். எடை இறங்கும் கீழ்ப்பக்கத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக முன்னே நழுவி, ஆறு பேரும் கீழே போய்விட்டார்கள். மேல்பக்கம் பிடிக்க ஆளில்லை. பெட்டி படியில் செங்குத்தாக நின்றது.

“யாராவது ரெண்டு பேர் மேல போங்க,” என்றார் பாதிரியார்.

“நீ போ.”

“நான் எதுக்கு? நீ போ. உனக்குத்தான் முட்டி போச்சே.”

“என் முட்டி உன் முட்டியைவிட நல்லாத்தான் இருக்கு.”

கடைசியில் மாரிட்டே மேல்பக்கத்தைப் பிடித்தாள். இடுப்பை இறக்கிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலய அடித்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குப் பதார்த்தமும் பரிமாறினார்கள். அணியில் ஆள் தேர்வுக்குத் தலைவரான வாஷெக் தட்டோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. அவர் ஆரினோடு இருபது வருடம் வேலை செய்தவர்.

“மாரிட், இதை இன்னைக்குக் கேக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“ரூர்டாவுக்கு உங்கப்பா எண் போடல. நோட்டுல நாலு பக்கமும் காலி. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு, டிராஃப்டுல எடுக்கலாம்ங்கறவங்க பேரைப் பலகையில ஒட்டறோம். நேர்ல பாத்தவர் எண் போடாத பேரை ஒட்ட மாட்டோம். நான் வெச்ச விதிதான். அந்தப் பையனைப் பாத்தது உங்கப்பா ஒருத்தர்தான். எங்களைத் தவிர வேற எந்த அணியும் அந்தப் பக்கம் போகவே இல்ல. பேரு ஒட்டலன்னா அவன் நேரா மாமா வீட்டு மாட்டுப்பண்ணைக்குப் போயிட வேண்டியதுதான்.”

“காலின்னா குறை இல்லன்னு அர்த்தம். அவர் வழக்கம் உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்மா. மொத மூணு பக்கம் ஒத்துக்கறேன். நாலாவது பக்கம்...” வாஷெக் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது குறை இல்லாததால காலியா, இல்ல... ஆள் இல்லாததால காலியா?”

கேள்வி நியாயமானது. மாரிட்டே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மாலை ஐந்து மணிக்கு ஆரினின் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டார்கள். மாரிட் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினாள். ரூர்டாவின் முட்டல் ஒவ்வொன்றும் ஒன்றுபோல இருந்தது. தாழ்ந்த இடுப்பு, அகன்ற கால், எதிரே நிற்கும் தொண்ணூற்று நாலாம் எண்காரன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். நாற்பத்தொன்றில் ரூர்டா அவன்மேலேயே விழுந்தான். கருவி நின்ற இடம்.

“இப்ப நாப்பத்திரண்டு,” என்றார் வாஷெக். “மனசைத் திடப்படுத்திக்கோ.”

பந்து அசைந்தது. அணி முழுதும் வலப்பக்கம் ஓடியது. ரூர்டா மட்டும் இடப்பக்கம் திரும்பினான். மைதானத்தைத் தனியாகக் குறுக்கே ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி, எதிரணி பெஞ்சின் முன்னாலிருந்த தண்ணீர் டிரம்மை முட்டி, கட்டிப்பிடித்துத் தூக்கி, மூன்று கெஜம் கொண்டுபோய்க் கவிழ்த்து, அதன்மேல் படுத்தான்.

“முறை ரொம்பச் சுத்தம்,” என்றார் வாஷெக். “இடுப்பைப் பாரு. ஆனா அது டிரம்மு.”

“அவன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘சொன்னதைச் செஞ்சேன்’ங்கறான். யாரு சொன்னதுன்னா, கோச்சுங்கறான். கோச்சுக்குப் போன் பண்ணா, ‘ஏன்யா, நான் தண்ணி டிரம்மை முட்டச் சொல்வேனா’ன்னு என்னைத் திட்டறாரு. பையன் அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கறான்.” படத்தை நிறுத்தினார். “உங்கப்பா இதைப் பாத்திருந்தா எழுதியிருப்பாரு. பாத்துச் சிரிச்சதுலயே போயிருந்தாலும் ஆச்சரியம் இல்ல.”

மாரிட் நோட்டின் நாலாவது பக்கத்தில், அப்பாவின் பேனாவால், தன் கையெழுத்தில் எழுதினாள். ‘மோதல் 1 முதல் 41 வரை: குறை காணப்படவில்லை. 42 முதல்: ஆய்வாளர் இல்லை.’ எழுதி முடித்ததும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்க,” என்றார் வாஷெக். “ஆனா எண் வேணும்மா. நீயே ஒண்ணு போட்டுக் குடேன். அஞ்சரை. யாரும் கேக்க மாட்டாங்க.”

“பாக்காத பாலத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப பேரு ஒட்ட முடியாது.”

“வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல?”

வாஷெக் போனபின் அவள் பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினாள். கையிலிருந்ததோடு சேர்த்து முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. கார்டின் பெயர், அவனுக்கு எதிரே நின்று முட்டு வாங்கியவனின் பெயர், ஒரு நாள், போய் வந்ததற்கு ஒரு குறி, ஒரு பதில். பதிலுக்குப் பிறகுதான் எண். ஆரின் எந்தக் கார்டையும் அவன் கோச்சிடம் விசாரித்ததில்லை. தோற்றவன் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிப்பார். கேட்பது ஒரே கேள்வி: வரும் சனிக்கிழமை அவனுக்கு எதிரே மறுபடி நிற்பாயா?

மாரிட் மொத்தத்தையும் அட்டவணை போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு கார்டுகள். ‘நிற்பேன்’ என்றால் அப்பா ஐந்தரைக்கு மேல் போனதில்லை. ‘யோசிக்கணும்’ என்றால் ஐந்தே முக்கால். ‘மாட்டேன்’ என்று சொன்னவர்கள் ஒன்பதே பேர். ஒன்பது கார்டுக்கும் ஆறு புள்ளி இரண்டு. விலகலே இல்லை. இவ்வளவு சீரான அளவீடு அவள் அலுவலகத்தில்கூடக் கிடையாது.

கடைசி நோட்டின் கடைசி வரி: ‘ரூர்டா. 94, வெஸ் ஸ்லேபா. ஞாயிறு மதியம்.’ குறி இல்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் கிளம்பினாள். இரண்டரை மணி நேரம். ஸ்லேபா வீட்டுப் பன்றிக் கொட்டகை வாசலில் ஒருவன் நின்றிருந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. வலது கை கழுத்தில் மாட்டிய கட்டுத் துணியில் தொங்கியது.

“வெஸ்ஸா?”

“ஆமா மேடம். தீவனக் கம்பெனியா?”

“இல்ல. ஆரின் ஹாக்ஸ்டாட் பொண்ணு.”

“ஓ, அந்தப் பெரியவரா! ஞாயித்துக்கிழமை மதியம் வரேன்னு போன்ல சொன்னாரே. அம்மா ஆப்பிள் பை கூடச் சுட்டு வெச்சாங்க. நாலு மணி வரைக்கும் நல்ல சட்டையோட உக்காந்திருந்தேன் மேடம். வரவே இல்ல.”

“சனிக்கிழமை இறந்துட்டாரு. உங்க ஆட்டத்துல. ஸ்டாண்டுல.”

வெஸ் தொப்பியை எடுக்க வலது கையைத் தூக்கப் போனான். வலித்தது. இடது கையால் எடுத்தான். “நாங்க பஸ்ல கிளம்பிட்டோம் மேடம். தெரியாது.” “அந்த ஆப்பிள் பை முழுசையும் நானே தின்னுட்டேன்,” என்றான்.

மாரிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளில் முதல் தடவை.

“கை எப்ப அடிபட்டுச்சு?”

“ரூர்டா மேல விழுந்தான்ல, அப்ப. தோள் எறங்கிடுச்சு. வெளிய கூட்டிட்டுப் போய்ட்டாங்க. மேல கோட்டைப் போத்தி பெஞ்சுல உக்கார வெச்சாங்க.”

“எந்த இடத்துல?”

“தண்ணி டிரம்முக்குப் பின்னாடி மேடம்.”

மாரிட் ஓரடி கிட்டே வந்தாள். அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டாள். “ரூர்டா அங்க எதுக்கு வந்தான்?”

“என்னைத் தேடித்தான். ஆட்டத்துக்கு முன்னாடி அவங்க கோச்சு கத்தினது எங்களுக்கே கேட்டுச்சு. ‘இன்னைக்கு உனக்கு வேற வேலையே இல்ல, தொண்ணூத்தி நாலு எங்க போனாலும் நீயும் போ’ன்னு. வந்துட்டான் படுபாவி. நல்ல வேளை, நடுவுல டிரம்மு இருந்துச்சு. கவுத்துப் போட்டுட்டு, அதுமேல படுத்துக்கிட்டு என்னைப் பாத்து, ‘கை எப்படி இருக்கு?’ன்னு கேக்கறான் மேடம்!”

கொட்டகைக்குள் பன்றிகள் கத்தின. மாரிட் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“அப்பா கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு. நான் கேக்கறேன். வர்ற சனிக்கிழமை உன் கை சரியா இருக்குன்னு வெச்சுக்கோ. ரூர்டாவுக்கு எதிர்ல மறுபடி நிப்பியா?”

வெஸ் வயல் பக்கம் பார்த்தான். அறுத்த சோளத் தட்டைகள் மேல் பனி கிடந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று அவன் முயல்வது தெரிந்தது.

“அவன் பக்கத்துல நிக்கறேன் மேடம். சந்தோஷமா. எதிர்ல...” தலையை ஆட்டினான். “மாட்டேன்.”

காரின் பானெட்டில் நோட்டை வைத்துக்கொண்டு வாஷெக்கை அழைத்தாள்.

“ஆறு புள்ளி இரண்டு,” என்றாள்.

“என்னம்மா அது பன்னி சத்தம்? எவ்ளோ? ஆறு புள்ளி இரண்டா? யாரு போட்டது?”

“அவர் முறைதான். நான் போய்க் கேட்டுட்டு வந்தேன். டிரம்முக்கும் காரணம் இருக்கு. எழுதி அனுப்பறேன்.”

வாஷெக் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, “ரூர்டாவுக்கு ஸ்பெல்லிங் சொல்லு,” என்றார். “அட்டை எழுதணும்.”

சொன்னாள். பிறகு வெஸ் ஸ்லேபாவின் பெயருக்கு எதிரே குறி போட்டாள். அதன் பக்கத்தில் சிறியதாக எழுதினாள்: ‘வியாழன், காலை 11.20. நாலு நாள் தாமதம்.’