முப்பது அங்கிகளுக்கு அளவு

தாங்குதல் என்னும் நற்குணம் பொறுமைக்கும் ஒருபடி மேலானது. பொறுமை கைகட்டி நிற்கும். தாங்குதல் தோள்கொடுத்துக் கூடவே நடக்கும். அக்குணத்தைக் கண்ணாரக் காண விரும்புவோர், ஆலயத்தின் பின்தெருவில், மருந்துக்கடை மாடியில் தையல் இயந்திரம் மிதிக்கும் பெண்மணியைப் பார்த்தால் போதும். அளவு நாடா அவர் கழுத்தைவிட்டு இறங்கியதே இல்லை. ஞாயிறு ஆராதனையிலும் மறதியாய் அதை அணிந்தபடியே வந்து பாடகர் குழுவில் நிற்பார். ஆகவே சபையாருக்கு அவர் ‘நாடா அக்கா’.

அந்த ஆண்டு பாடகர் குழு இரண்டாய்ப் பிளந்தது. பாட்டை எவ்வளவு வேகத்தில் பாடுவது என்பதுதான் வழக்கு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் குழுவின் தலைவர். ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் இறங்கவேண்டும் என்று இழுத்து நிதானித்துப் பாடச் சொல்வார். ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் முன்னால் நின்ற வண்டி மெக்கானிக் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “இப்படிப் பாடினா கல்யாணத்துக்கு வந்தவங்க, அடக்கத்துக்கு வந்துட்டோமோன்னு பயந்துருவாங்க சார்” என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று. வார்த்தை தடித்தது. மெக்கானிக் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வெளியேறி, இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்து அறையில் தனியே பாடத் தொடங்கினார்.

சமாதானம் சொல்லப் போன நாடா அக்காவுக்கும் மெக்கானிக்கிடம் திட்டு விழுந்தது. “நீங்க சும்மா இருங்கக்கா! உங்க குரலும் உங்க மெஷினும் ஒண்ணு. ரெண்டுக்கும் எண்ணெய் விடணும்.”

மெக்கானிக் வேறு யாருமல்லர், அக்காவின் உடன்பிறந்த தங்கையின் கணவர். அந்தச் சொல்லை அக்கா விழுங்கிவிட்டார். விழுங்க முடியாதது ஒன்றே: நாள்தோறும் வந்துபோன தங்கை நான்கு மாதமாய் இந்த வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

ஆலயத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா நெருங்கிற்று. பாடகர் அங்கிகளுக்கான துணி, பிளவுக்கு முன்பே முப்பது பேருக்கென எடுத்தது. சபைச் செயலர் வந்தார்.

“பத்தொம்பது தைச்சாப் போதும்மா. மிச்சத்துல ஜன்னலுக்குத் திரை போட்டுருங்க.”

அக்கா கத்திரியைக் கீழே வைத்தார். “திரைக்கு வேற ஆளைப் பாருங்கண்ணே. நான் முப்பதுதான் வெட்டுவேன்.”

“வராதவங்களுக்கு அங்கியா?”

“வரலைன்னா மடிச்சு வெச்சிருப்போம். வந்துட்டா? அவங்களை மட்டும் தனியாத் தெரியுற மாதிரி நிக்க வைக்கிறதா?”

அளவெடுக்க இருவர் வேண்டும். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத. எந்நாளும் எழுதியவள் தங்கை. இம்முறை அக்கா வாத்தியாரை அழைத்தார். ஆலயத்துப் பக்க அறையில் பத்தொன்பது பேருக்கு எழுதி முடித்த வாத்தியாரை, “இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க சார்” என்று சனிக்கிழமை பிற்பகலில் கூட்டிச் சென்றார். பள்ளிக்கூட வாசலில், குதித்தோடும் பாட்டைக் கேட்டு வாத்தியார் நின்றுவிட்டார்.

“என்னம்மா, என்னை மாட்டிவிடப் பார்க்குறியா?”

“முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க. தப்பு என்மேலதான். திட்டுறதுன்னா திட்டுங்க சார், நோட்டை மட்டும் திருப்பிக் குடுத்துராதீங்க.”

வாத்தியார் திட்டவுமில்லை, திரும்பவுமில்லை. உள்ளே போனதும் பாட்டு அறுந்தது.

“அங்கியும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார் மெக்கானிக்.

“சரி மாப்பிள்ளை. வேணாங்கிறதைக் கையைத் தூக்கிக்கிட்டே சொல்லுங்க. மார்பளவு எடுத்துக்கிறேன்.”

மூலையில் அமர்ந்திருந்த தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். மெக்கானிக்கின் கைகள் தாமாக உயர்ந்தன. அக்கா எண்களைச் சொல்லச் சொல்ல, வாத்தியார் தலை நிமிராமல் எழுதினார். பதினோரு பேரும் முடிந்ததும், பழைய வழக்கம் போலத் தங்கை நோட்டை வாங்கிச் சரிபார்த்துத் திகைத்தாள்.

“ஐயோ சார், ஒரு பேருகூட எழுதலியே! எது யாரோட அளவுன்னு அக்கா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

பெயருக்குப் பதில் ‘டெனர் ஒன்று, டெனர் நான்கு, பாஸ் இரண்டு’ என்று மேல்குரல், கீழ்க்குரல் வரிசையாகவே ஏடு முழுவதும் எழுதியிருந்தது.

“இதுல என்ன குழப்பம்? அவங்கவங்க நிக்கிற இடம்தானே” என்றார் வாத்தியார், கணக்கில் பிழை சொன்ன மாணவனைப் பார்ப்பதுபோல.

மனைவியின் தோளுக்குமேல் எட்டிப்பார்த்த மெக்கானிக், ‘டெனர் ஒன்று’ என்ற வரியிலேயே நின்றுவிட்டார். “நாலு மாசமா அந்த இடத்துல யாரையும் நிறுத்தலியா சார்?”

“நிறுத்திட்டா நீ வந்து எங்கய்யா நிப்ப?”

“அன்னிக்கு நான் பேசினது ரொம்ப அதிகம் சார்” என்றார் மெக்கானிக்.

“நானும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்றேன்” என்றார் வாத்தியார்.

விழா நாளில் முப்பது அங்கிகளும் ஒரே வரிசையில் நின்றன. வேகத்தைப் பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை. ஒரு பாட்டு வாத்தியார் கைக்கு, அடுத்தது மெக்கானிக் கைக்கு. ஒவ்வோர் ஒத்திகையிலும் யாராவது முகம் சுளிக்கிறார்கள். யாரும் எழுந்து போவதில்லை. தம்மைக் குத்திய சொல்லுக்கு நாடா அக்கா மன்னிப்பை எதிர்பார்த்ததுமில்லை, அது வந்ததுமில்லை. முப்பதில் அவர் முதலில் தைத்தது மெக்கானிக்கின் அங்கியை.

இத்தகையவரை நமக்குத் தந்த ஆண்டவர், பேருந்து ஓட்டும் அவர் கணவருக்கு வழியெல்லாம் துணையிருப்பாராக. மகள்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. அவ்வீட்டு அடுப்பு அணையாமலும், அங்கே மனவருத்தம் ஒரு பொழுதும் தங்காமலும், சமாதானம் தலைமுறைதோறும் குடியிருக்க அருள்வாராக.